ரயிலேறி ஒரு வெளிநாடு

சங்கத்து நண்பர்கள் நாலு பேர் கூடினால், பங்குனி பிறந்தவுடன் ஒரு கேள்வி தவறாமல் எழும். "என்ன சார், இந்த வருஷம் ஊருக்கா, வேறெங்கேயாவதா?" என்பார்கள். கொல்கத்தாவில் முப்பது வருடமாக இருக்கும் எனக்கு இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. ஊருக்குப் போவோம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்போம், இரண்டு கல்யாணம் பார்ப்போம், திரும்புவோம். அப்படிப்பட்ட குடும்பத்தில் 2022-ஆம் ஆண்டு என் மகள் ஒரு நாள், "என் கிளாஸ்ல பாதிப் பேர் ஃபாரின் போயிட்டு வந்துட்டாங்கப்பா" என்றாள். அவளுக்கு அப்போது 11 வயது. மகனுக்கு 16. வீட்டில் நான், மனைவி, 71 வயது அம்மா. ஆக ஐந்து பேர்.

ஐந்து விமான டிக்கெட் என்பது என் சம்பளத்துக்கு எட்டாத காரியம். எட்டினாலும் பயனில்லை. அம்மாவுக்குக் காதில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் விமானமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்கோ மலைப்பாதையில் கார் மூன்று வளைவு திரும்பினால் போதும், தலைசுற்றி வாந்திதான். ஆகாயமும் இல்லை, காரும் இல்லை, கையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய். இதற்குள் ஒரு வெளிநாடு உண்டா என்று தேட ஆரம்பித்தேன். உண்டு என்று கண்டுபிடித்ததையும், கண்டுபிடித்த பிறகும் முதல் தடவை கோட்டை விட்டதையும் நம் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நினைத்தது பூட்டான். சியால்தாவிலிருந்து வடவங்கம் போகும் ரயிலில் ஹாசிமாரா வரை போய், ஜெய்காவ் வழியாக ஃபுன்ட்ஷோலிங்கில் நுழையலாம். ஆனால் 2022 செப்டம்பரில் இந்தியர்களுக்கும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் என்று வைத்துவிட்டார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி. எங்கள் ஐவருக்கும் கணக்குப் போட்டால் இரவுக்கு 5,400 ரூபாய், மூன்று இரவுக்கு 16,200. படுக்கக் கட்டிலும் சாப்பிடச் சோறும் அதற்கு மேல்தான். திம்பு வரை மலைப்பாதை வேறு. அடுத்தது டாக்கா. கொல்கத்தாவிலிருந்து மைத்ரீ எக்ஸ்பிரஸ் 2008 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஐந்து பாஸ்போர்ட்டும் ஐந்து விசாவும் வேண்டும். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அந்த ரயிலும் 2024 ஜூலையில் நின்றுபோயிற்று.

மிச்சம் நேபாளம். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக இந்தியருக்கு அங்கே விசா இல்லை, பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. நேபாளம் என்றதும் எல்லோருக்கும் காத்மாண்டு நினைவுக்கு வரும். நம்மவர்களுக்கு முக்திநாத் நினைவுக்கு வரும். நூற்றெட்டுத் திவ்வியதேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று சொல்வது அந்தத் தலத்தைத்தான். அம்மாவுக்கும் ஆசைதான். ஆனால் அது 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிற இடம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அம்மாவை அவ்வளவு உயரத்துக்கு, அதுவும் கையைக் கடிக்கும் செலவில், அழைத்துப் போவது பக்தியாகாது, அசட்டுத் துணிச்சல்தான் என்பது என் அபிப்பிராயம். காத்மாண்டுவுக்கோ ரக்ஸவுல் வரை ஹவுராவிலிருந்து மிதிலா எக்ஸ்பிரஸ் போகிறது. அதற்குப் பிறகு பஸ்ஸிலோ ஜீப்பிலோ மலை ஏறியாக வேண்டும். மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அப்போதுதான் ஜனக்பூர் கண்ணில் பட்டது. சீதை பிறந்த மிதிலை என்று வழிவழியாகச் சொல்லப்படும் ஊர். மலையே இல்லாத சமவெளி. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லை தாண்டி ரயிலிலேயே போகலாம். பீகாரின் ஜெய்நகரிலிருந்து ஜனக்பூருக்கு 1937 முதலே ஒரு சின்ன ரயில் ஓடியது. முதலில் காட்டு மரம் ஏற்றுவதற்காகப் போட்ட குறும்பாதை. அது 2014-இல் நின்றது. அகலப்பாதையாக மாற்றி 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி மறுபடி தொடங்கினார்கள். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். டிக்கெட் நூறு ரூபாயை எட்டாது. ஜெய்நகருக்குச் சியால்தாவிலிருந்து கங்காசாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மாலையில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். தில்லி அன்பர்களுக்கு ஸ்வதந்த்ரதா சேனானி எக்ஸ்பிரஸும், மும்பைக்காரர்களுக்கு பவன் எக்ஸ்பிரஸும் அதே ஜெய்நகர் வரை போகின்றன.

டிசம்பர் விடுமுறையில் கிளம்பினோம். புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எல்லாம் கட்டிக்கொண்டு ஸ்லீப்பர் வகுப்பில் பயணம். ஜெய்நகரில் நம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே நேபாள ரயிலுக்குத் தனி நிலையம். டிக்கெட் வாங்கு முன் அடையாள அட்டை காட்ட வேண்டும். நானும் மனைவியும் வாக்காளர் அட்டை நீட்டினோம். அம்மாவுக்கும் மகளுக்கும் ஆதார். சரி என்றார் மேசையில் இருந்தவர். மகனுக்கும் ஆதாரை நீட்டினேன். "இது செல்லாதே" என்றார்.

இங்கேதான் நான் படித்துப் பார்க்காமல் ஏமாந்த விஷயம் வருகிறது. "ஆதார் இருந்தா எங்கே வேணும்னாலும் போகலாம் சார்" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். விதி அப்படியில்லை. நேபாளம் போகும் இந்தியருக்குப் பாஸ்போர்ட் வேண்டும், அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லுபடியாவது 15 வயதுக்குக் கீழே இருப்பவருக்கும் 65 வயதுக்கு மேலே இருப்பவருக்கும் மட்டும். அதுவும் 2019-இல் வந்த சலுகை. நடுவில் 15 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் இரண்டுங்கெட்டான்கள். வாக்காளர் அட்டை வாங்க வயதாகவில்லை, ஆதாருக்கு வயது தாண்டிவிட்டது. அவர்களுக்குப் பள்ளி முதல்வர், அதற்கென்று உள்ள படிவத்தில், படம் ஒட்டி அடையாளச் சான்று தர வேண்டும்.

குடும்பமாகப் போனால் இன்னொரு வழியும் உண்டு. பெரியவர் ஒருவரிடம் சரியான அட்டை இருந்தால், மற்றவர்கள் படத்தோடு கூடிய வேறு ஏதாவது ஒன்றைக் காட்டி, உறவையும் நிரூபித்தால் போதும். மகனின் பள்ளி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் அட்டையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "டைட்டில் ஒத்துவரவில்லையே" என்றார்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம் இது. நமக்கேது டைட்டில்? என் வாக்காளர் அட்டையில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. மனைவி, மகன், மகள் மூவருக்கும் பின்னால் என் பெயர். வடநாட்டு வழக்கப்படி பார்த்தால் அவர்கள் மூவரும் ஒரே குடும்பம். நான் யாரோ ஒரு வேற்றாள், கூட ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்! மகனின் ஆதாரில் தகப்பன் பெயர் என்று என் பெயர் இருந்தது. ஆனால் அங்கே வெறும் இனிஷியலோடு. அட்டைக்கு அட்டை நான் வேறு வேறு ஆள். நம்மூரில் குடும்ப அட்டை ஒன்றைக் காட்டினால் எல்லார் பெயரும் வரிசையாக இருக்கும். மேற்கு வங்கத்தில் ரேஷன் கார்டும் ஆளுக்கு ஒன்று.

அவர் மேல் குற்றமில்லை. மரியாதையாகவே பேசினார். "பையனை விட்டுவிட்டு நீங்கள் நாலு பேர் போகலாம்" என்றார். எப்படிப் போவது? பிளாட்பாரத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தது. கம்பி வேலிக்கு இந்தப்புறம் நின்று, அது கிளம்பிப் போவதைப் பார்த்தோம். மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னால்தான் கெட்டது என்று நினைத்துவிட்டான். அன்று இரவு ஒரு லாட்ஜில் தங்கினோம். அம்மாதான் சொன்னாள்: "கல்யாணமாகிப் போன சீதையே பொறந்த வீட்டுக்குத் திரும்பினதா கதையில காணோம். நாம மட்டும் நெனச்சவுடனே போயிட முடியுமாடா?" மறுநாள் கிடைத்த ரயிலில் கொல்கத்தா திரும்பினோம். ஆறாயிரம் ரூபாய் நஷ்டம்.

2023 ஏப்ரலில் மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை மகனுக்குப் பள்ளி முதல்வரின் சான்று. இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா, அப்பா பெயர் முழுதாக உள்ள பிறப்புச் சான்றிதழ். என் இரண்டு வகைப் பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் வாங்கிய பிரமாணப் பத்திரம். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். நோட்டரி பத்திரத்தை யாரும் கேட்கவேயில்லை, அது வேறு விஷயம். முதல்வர் சான்றைப் பார்த்ததும் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள்.

ரயிலில் ஏறியதும் மகன் பெட்டியிலிருந்த பலகையைப் படித்துவிட்டுக் கத்தினான்: "பாட்டி, இது உங்க ஊர் ரயில்!" உண்மைதான். அந்த டெமு ரயில்கள் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்து, 2020-இல் நேபாளத்துக்குக் கொடுத்தவை. அம்மா பிறந்து வளர்ந்தது அயனாவரத்தில், ஐ.சி.எஃப். சங்கு கேட்டு அடுப்பு மூட்டிய வீட்டில். சீட்டைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லை எங்கே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதே கோதுமை வயல், அதே மாந்தோப்பு. மகள் மட்டும் கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டாள். நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முந்தியது. விளையாட்டுப் போலத் தோன்றும். திரும்பும் நாளில் இந்தக் கால் மணியை மறந்தால் ரயிலைக் கோட்டை விடுவோம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நம் நூறு ரூபாய் அங்கே நூற்றறுபது. 1993 முதல் இந்த விகிதம் மாறவில்லை. கடையில் விலை கேட்டால், "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று திருப்பிக் கேளுங்கள். இந்தியப் பணமா நேபாளப் பணமா என்பதற்கு அங்கே அதுதான் பேச்சு. நேபாளம் 2018 டிசம்பரில் நூறுக்கு மேற்பட்ட நம் நோட்டுகளைத் தடை செய்திருந்ததால் நாங்கள் நூறு ரூபாய்க் கட்டாகவே கொண்டு போனோம். நோட்டு விதிகள் அவ்வப்போது மாறுகிறவை, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சிலிருந்து நம் யுபிஐயும் அங்குள்ள கடைகளில் எடுபடத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் டோட்டோக்காரரிடம் சில்லறைதான் பேசும்.

மூன்று இரவு தங்கினோம். ஜானகி மந்திர் கோயிலா அரண்மனையா என்று வியக்க வைக்கும் கட்டடம். நம் கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் வளைவுகளும் மாடங்களும் குவிமாடங்களுமாக நிற்கிறது. டிகம்கட் அரசி விருஷபானு கட்டியது. 1910 என்று ஆண்டு சொல்கிறார்கள். ஒன்பது லட்சம் செலவானதாம், அதனால் நௌலக்கா மந்திர் என்றும் பெயர். மாலை ஆரத்தியில் அம்மா கண்ணை மூடி நின்றாள். கம்பனில் மிதிலைக் காட்சிப் படலத்தைச் சொற்பொழிவுகளில் எத்தனை தடவை கேட்டிருப்பாளோ! மகனுக்குக் கோயிலில் அவ்வளவு ஈடுபாடில்லை. பக்கத்துக் கிராமத்தில் பெண்கள் மைதிலி ஓவியம் தீட்டும் இடத்தில் மட்டும் அரைநாள் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் வில் முறிந்து விழுந்த இடம் என்று காட்டும் தனுஷாதாம் போனோம். இடையிடையே ஊரெங்கும் குளம். மாலையில் தனுஷ் சாகர் படித்துறையில் உட்கார்ந்தால் கும்பகோணத்து மகாமகக் குளக்கரை ஞாபகம் வரும். சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. சோறு, பருப்பு, கறி. காலையில் தயிரும் அவலும் தருகிறார்கள். மைதிலிக்காரர்களுக்கு அது விருந்து. எங்களுக்கு ஊறுகாய் மட்டும்தான் குறை. அது பையில் இருந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தா–ஜெய்நகர் ஸ்லீப்பர் போக வர ஐவருக்கும் சுமார் 4,000 ரூபாய். முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றுவிட்டது. பன்னிரண்டுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்தான். எல்லை ரயில் 600. இரண்டு அறை மூன்று இரவு 7,200. சாப்பாடு 5,500, டோட்டோ முதலியன 2,500, ஓவியமும் வளையலும் 2,000. ஆக 21,800. முதல் தடவை விட்டதையும் சேர்த்தால் கையிருப்புக்கு மேலே மூவாயிரம் போயிற்று. அதை என் படிக்காத குற்றத்துக்கு அபராதம் என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது அம்மா அடுத்ததைக் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்ததைப் பேப்பரில் பார்த்துவிட்டாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அப்பா போட் மெயிலில் தனுஷ்கோடி போய் இலங்கைக்குக் கப்பலேறியிருக்கிறார். ஊருக்குப் போகும் வருஷத்தில் அதையும் சேர்த்துக்கொண்டால் தனிச் செலவில்லை என்பது அவள் வாதம். ஆனால் அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். விண்ணப்பத்தில் முதல் கட்டம் பெயர், இரண்டாவது கட்டம் குடும்பப் பெயர். மகனுக்குப் பதினெட்டு முடிந்து அவனே நிரப்புகிறான். போன வாரம் பேனாவை வைத்துவிட்டு, "அப்பா, ரெண்டாவது கட்டத்துல உங்க பேரைப் போடவா, தாத்தா பேரைப் போடவா?" என்று கேட்டான். பிறப்புச் சான்றிதழை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அதில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.