முகம் பாராத நட்பு
கடல் கடந்து வந்த பன்றித் தொடை. இருபது ஆண்டுக் கடிதங்கள்

1949-ம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டன் நகரில் சாரிங் கிராஸ் சாலை 84-ம் எண் கடைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அது பழைய புத்தகக் கடை. பெயர் மார்க்ஸ் அண்டு கம்பெனி.

கடிதம் எழுதியவர் நியூயார்க்கில் வசித்த ஹெலீன் ஹான்ஃப் என்ற பெண்மணி. வயது முப்பத்து மூன்று. திருமணம் ஆகாதவர். நாடகம் எழுதிப் பிழைக்க முயன்று கொண்டிருந்தார். கையில் பணம் அதிகம் இல்லை. ஆனால் நல்ல பழைய நூல்களைப் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய இருந்தது. நியூயார்க்கில் அந்த நூல்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவையோ விலை அதிகம். பத்திரிகையில் லண்டன் கடையின் விளம்பரத்தைப் பார்த்தார். வேண்டிய புத்தகங்களின் பட்டியலை அனுப்பினார். ஒரு புத்தகத்துக்கு ஐந்து டாலருக்கு மேல் கொடுக்க முடியாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்!

சில வாரங்களில் புத்தகங்கள் வந்தன. பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் வீட்டில் புத்தக அலமாரி ஏது? ஆரஞ்சுப் பழம் வரும் மரப்பெட்டிகள்தான் அலமாரி. இவ்வளவு அழகான புத்தகத்தை அதில் வைக்கக் கூச்சமாக இருக்கிறது என்று கடைக்கு எழுதினார்.

கடையின் சார்பில் பதில் எழுதியவர் பிராங்க் டோயல். புத்தகம் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். மனைவியும் இரண்டு பெண்களும் உள்ள குடும்பஸ்தர். அளந்து பேசும் மனிதர். "அம்மையீர்" என்று தொடங்கி, பெயரைக்கூட முழுதாக எழுதாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக் கடிதத்தை முடிப்பார். ஹெலீனோ நேர் எதிர். வாயாடி. கேலி, கிண்டல், சண்டை எல்லாம் அவர் கடிதத்தில் இருக்கும். புத்தகம் வரத் தாமதமானால் தூங்குகிறீர்களா என்று அதட்டுவார். பணத்தை நோட்டாகவே உறைக்குள் வைத்து அனுப்பிவிடுவார். பத்திரமாக மணியார்டரில் அனுப்புங்கள் என்று கடைக்காரர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அத்தனை நம்பிக்கை!

ரேஷன் காலம்

போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு நீங்கவில்லை. வென்ற நாடுதான், ஆனால் கடன் சுமை கழுத்தை நெரித்தது. வெளிநாட்டிலிருந்து உணவு வாங்க டாலர் இல்லை. தேயிலை, சர்க்கரை, முட்டை, இறைச்சி எல்லாம் கூப்பனுக்குத்தான். 1954-ம் ஆண்டு ஜூலையில் இறைச்சிக் கட்டுப்பாடு எடுக்கப்பட்ட பிறகே அந்தத் தொல்லை முழுவதும் தீர்ந்தது.

ஹெலீனுக்கு இது தெரியாது. ஆங்கிலேய நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. குடும்பத்துக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் இறைச்சி, ஆளுக்கு மாதம் ஒரு முட்டை என்று அவர் கணக்குச் சொன்னார். ஹெலீன் திடுக்கிட்டுப் போனார். டென்மார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு உணவு அனுப்பும் ஒரு கம்பெனி இருந்தது. அதன் மூலம் ஆறு ராத்தல் எடையுள்ள பன்றித் தொடை ஒன்றைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கடைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

அனுப்பிய பிறகுதான் வேறொரு கவலை பிடித்தது. கடை முதலாளிகள் மார்க்ஸ், கோஹன் என்ற இருவர். பெயரைப் பார்த்தால் யூதர்கள் போல் இருக்கிறதே! யூதர்களுக்குப் பன்றி இறைச்சி ஆகாதே! உடனே கவலையோடு எழுதினார். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. பார்சல் நல்லபடியாக வந்து சேர்ந்தது. முதலாளிகள் இருவரும் தங்களுக்குப் பங்கு வேண்டாம், சிப்பந்திகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று டோயல் பதில் எழுதினார்.

அன்று முதல் அது வெறும் வியாபாரமாக இல்லை. கடையில் வேலை செய்த பெண்களும் ஹெலீனுக்குக் கடிதம் போட ஆரம்பித்தார்கள். டோயலின் மனைவி நோராவும் எழுதினார். முட்டையும் இறைச்சியும் தொடர்ந்து போயின. ஒரு தோழி லண்டன் சென்றபோது பெண்களுக்கு நைலான் காலுறைகள் கொடுத்தனுப்பினார். அவை டோயலின் மேஜைமேல் கிடந்தன. யார் வைத்தது என்று கடையில் ஒருவருக்கும் புரியவில்லை!

வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. டோயலின் வீட்டுக்குப் பக்கத்தில் எண்பது வயது தாண்டிய மூதாட்டி ஒருவர் தனியாக இருந்தார். அவர் கையால் பூவேலை செய்த லினன் மேஜைவிரிப்பை வாங்கி எல்லோரும் சேர்ந்து அனுப்பினார்கள். பழக்கடைப் பெட்டியில் புத்தகம் அடுக்கியவர் வீட்டில் அந்த விரிப்பு!

டோயல் மட்டும் மரியாதையை விடவில்லை. "மிஸ்" என்ற சொல்லை விட்டு "அன்புள்ள ஹெலீன்" என்று எழுத அவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1952-ம் ஆண்டு பிப்ரவரியில்தான் அது நடந்தது.

போக முடியாத பயணம்

வா, வா என்று லண்டனிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போய்விடலாம் என்று ஹெலீன் பணம் சேர்த்தார். பல்லில் கோளாறு வந்தது. பயணத்துக்கு வைத்த பணம் பல் வைத்தியரிடம் போயிற்று. இப்படியே ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு செலவு. நடுத்தரக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1968-ம் ஆண்டு டிசம்பர். டோயலுக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரத்தில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, அவர் காலமானார். கடைக் காரியதரிசி எழுதிய கடிதம் ஜனவரியில்தான் ஹெலீனுக்குக் கிடைத்தது. புத்தகங்களைத் தொடர்ந்து தேடவேண்டுமா என்று அதிலும் கேட்டிருந்தது.

பிறகு நோரா எழுதினார். உங்கள் கடிதங்களை அவர் அவ்வளவு ரசிப்பார். சில சமயம் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். கணவனை இழந்த துக்கத்திலும் அதை எழுத ஒரு பெரிய மனம் வேண்டும்.

ஹெலீன் கடிதங்களைத் தொகுத்தார். 1970-ல் கடையின் விலாசத்தையே பெயராகக் கொண்டு புத்தகம் வெளிவந்தது. வாழ்நாளெல்லாம் நாடகம் எழுதியும் கிடைக்காத புகழ், அச்சுக்காக எழுதாத கடிதங்களால் கிடைத்தது! 1987-ல் அது சினிமாவாகவும் வந்தது. டோயலாக அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்தார்.

புத்தகத்தின் லண்டன் பதிப்பை ஒட்டி 1971-ம் ஆண்டு ஜூனில் ஹெலீன் முதன் முறையாக அந்த நகரில் இறங்கினார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. நோராவையும் டோயலின் மகளையும் நேரில் கண்டார். பிறகு சாரிங் கிராஸ் சாலைக்குப் போனார். கடை அதற்குள் மூடப்பட்டிருந்தது. உள்ளே புத்தகம் ஒன்றுகூட இல்லை. அலமாரிகள்கூடச் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டுத் தரையில் கிடந்தன. அவற்றுக்கு நடுவே அவர் மெதுவாக நடந்து பார்த்தார்.