கேடயத்தைக் கீழே வைத்த வழக்கறிஞர்

"போலீஸ் ஸ்டேஷன் வாசலையும் கோர்ட்டு வாசலையும் மிதிக்காமல் போய்ச் சேர வேண்டும்" என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. வம்பு வழக்கு இல்லாமல் வாழ வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. ஆனால் அந்த ஆசை நாளடைவில் பயமாக மாறிவிட்டது. கறுப்புக் கோட்டைக் கண்டால் பயம், சம்மன் வந்தால் பயம், கையெழுத்துப் போடச் சொன்னால் பயம். இந்தப் பயத்தால் நாம் இழந்தது கொஞ்சமல்ல, வாசகர்களே!

இந்தப் பயத்தைப் போக்க அறிவுரை சொல்வதைவிட ஒரு மனிதரின் கதையைச் சொல்வது மேல் என்று நினைக்கிறேன். அவர் லண்டனிலோ சென்னையிலோ பேர் வாங்கியவர் அல்லர். நம் மலையிலிருந்து கீழே இறங்கினால் வரும் ஈப்போ நகரத்து வழக்கறிஞர். பெயர் டி.ஆர். சீனிவாசகம்.

ஈயத்து ஊரின் இரு சகோதரர்கள்

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனாலும் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ இறங்கி, கல்யாணச் சாமான் வாங்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் நம்மவர்கள் தேடிப் போவது பேராக் மாநிலத்து ஈப்போவைத்தான். 1988-இல் மாநகரமான அந்த ஊர், 1950-களில் ஈயச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த ஒரு நடுத்தர நகரம். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் ஈயம். அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள்.

அந்த ஊரில் இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் வழக்கறிஞர் தொழில் செய்து வந்தார்கள். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம், தம்பி 1921-இல் பிறந்த டி.ஆர். சீனிவாசகம். இருவருமே குற்றவியல் வழக்குகளில் பேர் எடுத்தவர்கள். பணமில்லாதவன் வந்தாலும் அவன் வழக்கைத் தள்ளிவிடாதவர் என்று டி.ஆருக்கு ஊரெல்லாம் நல்ல பெயர்.

1953-இல் சகோதரர்கள் ஒரு கட்சி தொடங்கினார்கள். முதலில் பேராக் முற்போக்குக் கட்சி; பிறகு மக்கள் முற்போக்குக் கட்சி. 1955 பொதுத் தேர்தலில் மொத்தமிருந்த 52 இடங்களில் 51-ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. சீனிவாசகம் சகோதரர்களின் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. வேறொருவராயிருந்தால் "அரசியல் நமக்கு ஆகாது" என்று கோர்ட்டோடு நின்றிருப்பார்.

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றது. ஈப்போ–மெங்லெம்பு தொகுதி உறுப்பினர் மலாக்கா ஆளுநராகப் போனதால் அங்கே இடைத்தேர்தல் வந்தது. டி.ஆர். நின்றார், வென்றார். 1959 பொதுத் தேர்தலில் தம்பி ஈப்போவுக்கும் அண்ணன் மெங்லெம்புவுக்கும் உறுப்பினர்களானார்கள். 1964-இல் இருவரும் அதே இடங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். தமிழர்கள் அந்தத் தொகுதிகளில் சிறு பகுதியினர்தான். இனத்தைப் பார்த்தா அவர்கள் ஓட்டுப் போட்டார்கள்? "நமக்கு ஒரு வழக்கு வந்தபோது இவர் நின்றார்" என்பதைப் பார்த்துப் போட்டார்கள். கோர்ட்டில் சம்பாதித்த நம்பிக்கைதான் ஓட்டுப் பெட்டியில் விழுந்தது.

அமைச்சரும் வழக்கறிஞரும்

இனி, டி.ஆரின் வாழ்க்கையில் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன்.

1960-களின் முற்பகுதியில் கல்வி அமைச்சராக இருந்தவர் அப்துல் ரஹ்மான் தாலிப். ஆசிரியர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 1960-இல் வெளிவந்த ரஹ்மான் தாலிப் அறிக்கைதான் 1961 கல்விச் சட்டத்துக்கு அடிப்படை. ஆரம்பப் பள்ளியில் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்று பரிந்துரைத்தது அந்த அறிக்கை. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அதனால் பயன் பெற்றார்கள். இடைநிலைப் பள்ளிகளின் மொழி பற்றி அதே அறிக்கை சொன்னதைச் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி எதிர்த்தது. சீனத்துக்கும் தமிழுக்கும் உரிய இடம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் நான் சொல்ல வந்த தகராறு மொழியைப் பற்றியதல்ல.

அந்த அமைச்சர் மீது இரண்டு ஊழல் குற்றச்சாட்டுகளை டி.ஆர். நாடாளுமன்றத்தில் எழுப்பினார்.

நாடாளுமன்றத்துக்குள் ஓர் உறுப்பினர் பேசுவதற்காக அவர் மீது மானநஷ்ட வழக்குப் போட முடியாது. நம் அரசியலமைப்புச் சட்டமே அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதி பயமின்றிப் பேச வேண்டும் என்பதற்காகக் கொடுத்த கேடயம் அது. அமைச்சர் சவால் விட்டார்: தைரியமிருந்தால் இதையே வெளியே வந்து சொல்லட்டும்!

சட்டம் தெரியாதவர் ஆத்திரத்தில் வெளியே வந்து சொல்லிவிடலாம். டி.ஆர். சட்டம் தெரிந்தவர். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். "நான் சொன்னது உண்மை" என்று வாதாடுகிறவனே அதை உண்மை என்று நிரூபிக்க வேண்டும். சாட்சி பிறழ்ந்தால், ஒரு கடிதம் காணாமல் போனால், வழக்குத் தோற்றுவிடும். தோற்றால் பணம் போகும்; அதைவிட, பேர் போகும். வழக்கறிஞருக்குப் பேர்தானே முதல்?

அத்தனையும் தெரிந்தும் டி.ஆர். கேடயத்தைக் கீழே வைத்தார். நாடாளுமன்றத்துக்கு வெளியே, மக்கள் முன்னிலையில் அதே குற்றச்சாட்டைச் சொன்னார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார்.

எத்தனையோ பேருக்காகக் குற்றவாளிக் கூண்டின் முன்னால் நின்று வாதாடியவர் இப்போது தாமே பிரதிவாதி. உயர்நீதிமன்றம் இரு தரப்பையும் விசாரித்தது. முடிவில் அமைச்சரின் வழக்கு தள்ளுபடியானது. அமைச்சர் பதவி விலகினார். மேல்முறையீடும் பலிக்கவில்லை. சட்டம் படிக்கும் மாணவர்கள் புரட்டுகிற தீர்ப்புத் தொகுப்புகளில், 1965, 1966 ஆண்டுகளுக்கு உரியவற்றில், இந்த வழக்கு இன்றும் இருக்கிறது.

இதில் நாம் பெருமைப்பட வேண்டியது ஒரு அமைச்சர் பதவி இழந்ததற்காக அல்ல. அந்த அமைச்சரின் அறிக்கையால் நம் பிள்ளைகள் அடைந்த நன்மை நன்மைதான். அதை மறக்கக் கூடாது. கோர்ட்டுக்கு வந்தபோது, அமைச்சருக்கு ஒரு தராசு, எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு தராசு என்று இல்லாமல் ஒரே தராசில் நிறுத்தார்களே, அதற்காகத்தான் பெருமைப்பட வேண்டும்.

வெற்றிக்குப் பின்னால்

டி.ஆர். நெடுநாள் வாழவில்லை. 1969 மார்ச் 15-ஆம் நாள், பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதங்கூட இல்லாத நேரத்தில், மாரடைப்பால் காலமானார். ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை. அந்தத் தேர்தலில் அவர் கட்சி நாடாளுமன்றத்தில் நான்கு இடங்களைப் பிடித்தது.

தம்பி போன பின் பொறுப்பு அண்ணன் தோளில் விழுந்தது. எஸ்.பி. சீனிவாசகம் 1970-களில் கட்சியை ஆளும் கூட்டணிக்குள் கொண்டு போனார். அது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. 1974 தேர்தலில் மெங்லெம்பு மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே அவரும் காலமானார். மக்கள் கொடுத்த நம்பிக்கையை மக்களே திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியும் என்பதை அந்தக் குடும்பத்தின் கதையே காட்டுகிறது.

ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா என்று ஒரு பூங்கா இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறவர்கள், ஊஞ்சலைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், பெயர்ப் பலகையையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

எதிரே நிற்பவர் யார்?

டி.ஆர். போன்ற வழக்கறிஞருக்கு எதிரே, குற்ற வழக்குகளில், ஒருவர் நிற்பார். அவர்தான் அரசுத் தரப்பு வழக்கறிஞர். மலாயில் 'தீம்பாலான் பெண்டாக்வா ராயா' என்பார்கள், பேச்சில் 'டி.பி.பி.' அவரும் போலீசும் ஒன்று என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. துப்புத் துலக்குவது போலீசின் வேலை. வழக்குப் போடுவதா வேண்டாமா, எந்தப் பிரிவில் போடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 145-ஆவது விதி அந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்கு வழங்குகிறது; அவருக்காகத் துணை வழக்கறிஞர்கள் கோர்ட்டுகளில் நிற்கிறார்கள்.

அவர் வேலை எப்படியாவது ஆளை உள்ளே தள்ளுவதா? இல்லை. உண்மையை முழுதாக நீதிபதி முன் வைப்பது. குற்றம் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் நிரபராதி என்று முதலில் நிரூபிக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. டி.ஆர். காலத்தில், மரண தண்டனை வழக்குகளில் ஏழு பேர் கொண்ட ஜூரி உட்கார்ந்து இதைத் தீர்மானித்தார்கள். 1995-இல் ஜூரி முறை நீக்கப்பட்டது. இப்போது நீதிபதியே தீர்மானிக்கிறார். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு மாறவில்லை.

இரண்டு வழக்கறிஞர்களும் நேருக்கு நேர் மோதினால்தான் உண்மை வெளியே வரும் என்பது கோர்ட்டின் ஏற்பாடு. ஒரு பக்கம் காலியாக இருந்தால்? தராசின் ஒரு தட்டில் ஒன்றும் இல்லாத கதைதான். நம்மவர்கள் "லாயருக்குக் கொடுக்கப் பணமில்லை, சீக்கிரம் முடிந்தால் போதும்" என்று, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு வந்த கதைகளைத் தோட்டத்தில் யார்தான் கேட்டதில்லை? அப்படிச் சொன்ன ஒரு வார்த்தை பிறகு வேலை தேடும்போது வந்து நிற்கும். லைசென்சு எடுக்கும்போது வந்து நிற்கும்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதிப்படி, கைது செய்யப்பட்டவருக்கு ஏன் கைது செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரோடு பேச அவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் அவரைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேல் லோக்கப்பில் வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை.

கோர்ட்டில் பேசுவது புரியவில்லை என்றால், "எனக்குத் தமிழ்தான் தெரியும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்பது வெட்கமல்ல. புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. அதேபோல, வாசித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த மகனோ மகளோ இருந்தால் கூட அழைத்துப் போங்கள்.

பணமில்லை என்றால் கதவு அடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஏழைகளுக்கான அரசாங்கச் சட்ட உதவி 1970-இல் தொடங்கியது. இன்று சட்ட உதவித் துறை என்ற பெயரில் அது இயங்குகிறது. கணவன் மனைவி வழக்கு, ஜீவனாம்சம், பிள்ளைகள் பராமரிப்பு போன்றவற்றுக்கு அங்கே போகலாம். குற்ற வழக்குகளுக்கு 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் செயல்படுகிறது. மலாயில் 'யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்'. கைதான மலேசியக் குடிமக்களுக்கு, வருமானத்தைப் பார்த்து, வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருகிறார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. பக்கத்துக் கோர்ட்டு அலுவலகத்தில் விசாரித்தாலே வழி சொல்வார்கள். அன்று டி.ஆரைப் போன்ற ஒருவரின் நல்ல மனசை நம்பியிருந்த காரியம், இன்று ஓர் ஏற்பாடாகவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் விட்டால் குறை யாருடையது?

பெற்றோர்களே! என் வகுப்பில் "பெரியவனானதும் என்ன ஆவாய்?" என்று கேட்டால் பிள்ளைகள் டாக்டர் என்பார்கள், போலீஸ் என்பார்கள், டீச்சர் என்பார்கள். வழக்கறிஞர் என்று சொல்லும் குரல் அபூர்வம். கொழுந்துக் கூடை சுமக்கும் அம்மாவின் மகளுக்குக் கறுப்பு அங்கி எட்டாத உயரம் என்று யார் சொன்னது? நன்றாக வாசிக்க வேண்டும்; கேட்டதைத் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்; மலாயும் ஆங்கிலமும் கைவர வேண்டும்; தமிழை விடக் கூடாது. இவற்றுக்கான அஸ்திவாரத்தை ஆரம்பப் பள்ளியிலேயே போடலாம்.

எல்லாப் பிள்ளைகளும் வழக்கறிஞர் ஆக முடியாது; ஆகவும் வேண்டாம். ஆனால் "நான் சொல்வது உண்மை, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்" என்று நிமிர்ந்து நிற்கும் பிள்ளையை எந்த லயத்து வீட்டிலும் வளர்க்கலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்கள் பொய்ச் சாட்சிக்குப் போகாமல் இருந்தால் போதும்.