மூசிக்கரை மாநகரம்

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்திற் குடியேறியோர், தாம் வாழும் ஊரின் கடைவீதியை அறிந்த அளவுக்கு அதன் வரலாற்றை அறிவதில்லை. ஹைதராபாத்தையே எடுத்துக்கொள்வோம். 1798-இல் நிஜாம் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அந்நகருக்கு வடக்கே படை நிறுத்தப்பட்டது. 1806-இல் அப்பாளையம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் ஆயிற்று. சென்னைப் படையுடனும் அதனை அண்டியும் வந்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கு உள்ளனர். அவர்கள் வாழும் நகரின் கதை, பெரிதும் நீரின் கதையே.

குதுப்ஷாகி மன்னர்களின் தலைநகரான கோல்கொண்டாவில் மக்கள் பெருகப் பெருக இடமும் நீரும் போதாவாயின. இப்ராஹிம் குலி காலத்தில், 1562-ஆம் ஆண்டளவில், ஹுசேன் சாகர் ஏரி வெட்டப்பட்டது. 1578-இல் மூசி நதிக்குப் பாலம் அமைந்தது. அவர் மகன் முகம்மது குலி 1591-இல் ஆற்றின் தென்கரையில் புதுநகரை நிறுவி, அதன் நடுவே சார்மினாரை எழுப்பினார். தக்கணி மொழியிற் கவி பாடிய மன்னர் அவர். கிருஷ்ணைக் கரைச் சுரங்கங்களின் வைரமும், கடல் கடந்து வந்த முத்தும் இங்கு விலை பேசப்பட்டன. முத்து வாணிபம் இன்றும் நிலைத்திருக்கிறது.

வாழ்வளித்த ஆறே 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் நகரை அழித்தது. பெருமழையால் மேட்டுநிலத்து ஏரிகளில் இருநூற்றுக்கு மேற்பட்டவை உடைந்து, அந்நீரெல்லாம் மூசியிற் பாய்ந்தது. மாண்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மீதேறிச் சுமார் 150 பேர் உயிர் தப்பினர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரம் நெடுங்காலம் போற்றப்பட்டு வந்தது.

மறு ஆண்டு பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யா வரவழைக்கப்பட்டார். நகருக்குள் ஆறு தாங்கக்கூடிய நீருக்கு ஓர் அளவு உண்டு. மிகுதியை மேலேயே தேக்கிவைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாக விடவேண்டும் என்பது அவர் கண்ட வழி. அவ்வாறே மூசியில் 1920-இல் உஸ்மான் சாகரும், அதன் கிளையான ஈசியில் 1927-இல் ஹிமாயத் சாகரும் முடிவுற்றன. வெள்ளத்தைத் தடுத்த அவ்வணைகளே குடிநீரும் தந்தன.

வெள்ளத்துக்குப் பின் நகரம் புதிதாய் எழுந்தது. 1918-இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உயர்கல்வியை உருது மொழியிலேயே கற்பித்தது. அதற்கெனப் பாடநூல்களைப் பெயர்த்துத் தர ஒரு தனித்துறையே இயங்கியது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இது நினைந்து மகிழத்தக்க செய்தி.

1948-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1956-இல் ஆந்திரப் பிரதேசத்துக்கும், 2014-இல் தெலங்கானாவுக்கும் ஹைதராபாத் தலைநகராயிற்று. 1960-களில் எழுந்த அரசினர் தொழிற்சாலைகள் மருந்து, மின்கருவி, மின்னணுத் தொழில்களுக்கு வித்திட்டன. 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதும் கணினித் தொழில் வேரூன்றியது. இவற்றை நாடிப் பிற மாநிலத்தவர் திரளாக வந்தனர்.

மக்கள் பெருகவே மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளிலிருந்தும் நீர் கொணர நேர்ந்தது. ஊருக்குள்ளிருந்த ஏரிகள் பல மனைகளாயின. இரு நீர்த்தேக்கங்களின் சுற்றுப்புறத்தைக் காக்க 1996-இல் ஓர் அரசாணை பிறந்தது. 2022-இல் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இடையே 2020 அக்டோபரில், பெருமழையின்போது பல குடியிருப்புகளுள் நீர் புகுந்தது. தான் முன்னர்த் தங்கிய இடத்தை நீர் மறப்பதில்லை.

ஹைதராபாத்தில் மனை வாங்க எண்ணும் அன்பர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு நில்லாது, அந்நிலம் முன்பு ஏரியாக இருந்ததா என்றும் அக்கம்பக்கத்து முதியோரை வினவுதல் நலம். குடியிருக்கும் ஊரின் வரலாற்றை அறிவது இவ்வகையிலும் நம்மைக் காக்கும்.