சிறுசேரி டு கண்டிகோட்டா: 'ஒன் டே ட்ரிப்'புக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

வியாழக்கிழமை ஆனாலே சிறுசேரி பி.ஜி. வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு போஸ்டர் சுற்ற ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைச் சுவர், நடுவில் பச்சையாய் ஒரு ஆறு, விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தர். 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்! ஒரே நாள்! சிப்காட் வாசலில் பிக்கப், கைடு உண்டு!' டீமில் நாலு பேர் 'நான் ரெடி' என்று போட்டதும் நீங்களும் ஜிபே-யைத் திறந்திருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

இடம் நிஜம்தான். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு பக்கத்தில் இருக்கும் கண்டிகோட்டா. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலை இடுக்கு, 'கோட்டா' என்றால் கோட்டை. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு ஓடியதில் உண்டான பள்ளத்தாக்கு இது. ஆழம் சுமார் 300 அடி. அமெரிக்காவின் ஒரிஜினல் கிராண்ட் கேன்யன் 1.8 கிலோமீட்டர் ஆழம் வரை போகும். அதனால் அந்த ஒப்பீட்டை மறந்துட்டுப் போங்க, ஏமாற மாட்டீங்க. இது பாலைவனமும் கிடையாது, ராயலசீமாவின் வறண்ட முள்காடு. வெயிலிலும் நிழலிலும் மட்டும் பாலைவனத்துக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை.

சிக்கல் 'ஒரே நாள்' என்ற வார்த்தையில்தான். சிறுசேரியிலிருந்து திருப்பதி, கடப்பா வழியாகப் போனால், ஒரு வழிக்கே 350 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். அதாவது ஒரு பகல் சுற்றுவதற்கு இரண்டு இரவு ஸீட்டில் தூங்கணும். சனிக்கிழமை ராத்திரி கிளம்பும் வண்டியில் ஏறினால் திங்கட்கிழமை காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நீங்க நின்னுட்டே தூங்குவீங்க. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பும் ட்ரிப்பைப் பிடிங்க. சூரிய உதயம் பார்க்கணும்னா ஒன்பது மணிக்குள் வண்டி நகர்ந்திருக்கணும். அதைவிட முக்கியம், எத்தனை டிரைவர் என்று கேளுங்க. ஒரே ஆள் ராத்திரி முழுக்க ஓட்டி, மறுநாள் ராத்திரியும் அவரே ஓட்டுவார் என்றால், அந்த ட்ரிப் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

கைடு யாரு?

நிறைய பேக்கேஜ்களில் 'கைடு' என்பவர் வண்டியில் உங்களோடு வரும், ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் தம்பிதான். நல்ல பையனாக இருப்பார். ஆனால் அந்தப் பாறை அவருக்குத் தெரியுமா? அதுதான் கேள்வி. கண்டிகோட்டாவில் பெரும்பாலான விளிம்பில் தடுப்புக் கம்பியே கிடையாது. பாறைகள் அடுக்கி வைத்த பலகை மாதிரி இருக்கும், சிலது காலை வைத்தால் ஆடும். போஸ்டரில் காலைத் தொங்கப்போட்ட அந்த போஸ் இருக்கே, அதை மட்டும் காப்பி அடிக்காதீங்க. இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு விளிம்புக்குப் போவதும் வேண்டாம். கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்று ஒரு குறுகிய பாறைப் பிளவு இருக்கிறது. 1997 ஆகஸ்ட்டில் எங்கேயோ தூரத்தில் பெய்த மழை வெள்ளமாக அதற்குள் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அது நவாஹோ மக்களின் நிலம். இன்றைக்கு அங்கே கைடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கண்டிகோட்டாவில் அப்படிக் கட்டாயம் இல்லை என்பதால், கேட்டு வாங்க வேண்டியது நாமதான். 'லோக்கல் கைடு வர்றாரா?' என்று ஒரு மெசேஜ் போடுங்க. பதில் மழுப்பலாக வந்தால் புரிஞ்சுக்கலாம்.

நல்ல கைடு கிடைத்தால் கோட்டையே மாறிப்போகும். இல்லையென்றால் நீங்க பார்ப்பது வெறும் இடிந்த சுவர். விஜயநகர காலத்தில் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டை இது. பிறகு கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா கைப்பற்றினார். 1652-ல் அவரைப் பார்க்க பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவெர்னியே இங்கேயே வந்திருக்கிறார். மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பாறையை கிரானைட் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். புவியியல்காரர்கள் வைத்த பெயர் 'கண்டிகோட்டா குவார்ட்சைட்'. வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

பத்து மணிக்குள் கோட்டையை முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் வெயில் உங்களை முடிச்சிடும். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள ஷூ. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நல்ல சீசன். ஏப்ரல், மே மாதத்தில் யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.

மதியம் பெலும் குகை

மத்தியானம் பெரும்பாலும் பெலும் குகைக்குக் கூட்டிப்போவார்கள். கண்டிகோட்டாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 3,229 மீட்டர் நீளமுள்ள சுண்ணாம்புக்கல் குகை, அதில் ஒரு பகுதியைத்தான் பார்க்க விடுகிறார்கள். வெளியே கொளுத்துதே, உள்ளே ஜில்லுனு இருக்கும்னு நினைச்சா தப்பு. செம புழுக்கம், சட்டை நனைந்துவிடும். ஆழமான இடமான 'பாதாள கங்கை'க்கு இறங்கும் வழி குறுகல். மூச்சுத் திணறல் உள்ளவர்கள், மூடிய இடம் என்றாலே பயப்படுபவர்கள் பாதியிலேயே திரும்பிடலாம், அதில் வெட்கமே இல்லை.

இந்தக் குகையை 1884-ல் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இவர்தான் 1863-ல் நம்ம பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். தாம்பரம் லோக்கல் ட்ரெயின் தினமும் நின்று போகும் அதே பல்லாவரம்தான்!

லாங் வீக்கெண்ட் கிடைத்தால் பேக்கேஜையே விட்டுடுங்க. சென்னை - மும்பை ரயில் பாதையில் முத்தனூர் ஸ்டேஷனில் இறங்கினால் கண்டிகோட்டா பக்கம்தான். அங்கே ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஹோட்டல் இருக்கிறது, முன்கூட்டியே புக் பண்ணிக்கோங்க. ராத்திரி கட்டிலில் தூங்கிட்டு, விடியும்போது விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்க. அங்கிருந்தும் ஆறு நல்லாவே தெரியும்.