சுராங்கனிக்கு அப்புறம்: ஜிப்சீஸ் பற்றி ஒரு குறிப்பு

தாம்பரம் பக்கம் கல்யாண ரிசப்ஷன்ல மெல்லிசைக் குழு ‘சுராங்கனி’யை எடுத்தா கால் தானா ஆடும். ஏ.ஈ. மனோகரன் இலங்கையிலிருந்து நமக்குக் கொண்டுவந்த பாட்டு. தாளத்தின் பெயர் பைலா. போர்த்துகீசியரும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் அந்தத் தீவில் விட்டுப்போனது.

நாம அந்த ஒரு பாட்டோட நின்னுட்டோம். அங்கே பைலாவை ஐம்பது வருஷத்துக்கு மேல மேடையில் வைத்திருந்த குழு ஜிப்சீஸ். 1969-ல் அன்டன் பெரேரா தன் பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தார். மகன் சுனில் பெரேராதான் குரல், முகம் எல்லாம். ‘லுனு தெஹி’ன்னு ஒரு ஹிட், எலுமிச்சை ஊறுகாய்னு அர்த்தம்! பைலாவைக் குடிவிருந்துப் பாட்டுன்னு ஒதுக்கினவங்க உண்டு. ஆனா அதைப் பாடின சுனில்தான் டிவியில் உட்கார்ந்து அரசியல்வாதிகளை நேருக்கு நேர் கிழித்தார். சிரிக்க வைத்தவர் என்பதால்தான் ஜனம் காது கொடுத்தது என்பது என் எண்ணம்.

2021 செப்டம்பரில் சுனில் காலமானார், வயது 68. குழு நிற்கவில்லை; தம்பி பியல் பெரேரா எடுத்து நடத்தினார்.

போன மாசம் ஒரு ரிசப்ஷனில், ‘சுராங்கனி’ முடிந்ததும் கீபோர்டு வாசித்த தம்பியிடம் ஜிப்சீஸ் தெரியுமான்னு கேட்டேன்.

“எந்தப் படம் சார்?”