நாட்டுப்புற மெட்டும் பயின்ற குரலும்

1963 ஜூலை 27 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்த கே. எஸ். சித்ரா, நாட்டுப்புறப் பாடலைக் குலமரபாகக் கொண்ட குடும்பத்தில் தோன்றியவர் அல்லர். ஆயினும் தமிழிலும் இந்தியிலும் அவருக்கு முதன்முதலாகத் தேசிய விருதைத் தேடித்தந்த பாடல்கள் இரண்டுமே மண்வாசனையை வேண்டி நின்றவை. ஆதலால், செவ்வியல் பயிற்சி பெற்ற குரல் நாட்டுப்புற இசையை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்பதை ஆராய்வோருக்கு அவருடைய இசைவாழ்வு மிகச்சிறந்த சான்றாகும்.

தந்தை கரமனை கிருஷ்ணன் நாயரே முதல் குருவாக அமைய, பின்னர் டாக்டர் கே. ஓமனக்குட்டியிடம் கர்நாடக இசை பயின்ற சித்ராவை, ஓமனக்குட்டியின் தமையனாரும் திருவனந்தபுரம் வானொலி நிலையத்தின் இசைக்கலைஞருமான எம். ஜி. ராதாகிருஷ்ணன் 1979இல் திரையுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அந்நிலையம் வளர்த்த ‘லளிதகானம்’, அதாவது ராகத்தின் சாயலைக் கைவிடாமல், கமகச் செறிவைக் குறைத்து, கவிதையின் பொருளுக்கு முதலிடம் தரும் மெல்லிசை, நாட்டார் இசைக்கு என்றும் கதவடைத்ததில்லை. குட்டநாட்டின் வயல்வெளியிலும் படகுத்துறையிலும் வழங்கிய தாளக்கட்டுகளைத் தம் கவிதைக்குள் கொண்டுவந்த காவாலம் நாராயணப் பணிக்கரின் பாடல்களுக்கு ராதாகிருஷ்ணன் இசையமைத்தார். சித்ராவின் இளமைக்காலத் திருவனந்தபுரத்தில் சங்கீத சபையும் நாட்டார் மெட்டும் அவ்வளவு நெருங்கியே இருந்தன.

1985இல் வெளிவந்த ‘சிந்து பைரவி’ இதன் பயனைத் தமிழருக்குக் காட்டியது. கே. பாலசந்தரின் அந்தப் படத்தில், தெலுங்குக் கீர்த்தனைகளை மட்டுமே பாடும் வித்வானிடம் பாமரருக்கும் புரியும் பாட்டு வேண்டும் என வாதிடும் சிந்து, சபையிலேயே ஒரு நாட்டுப்புறப் பாடலைப் பாடிக்காட்டுகிறாள். இளையராஜா அமைத்த அந்த மெட்டு, நீட்டலும் குழைவும் இன்றி, பேச்சைப்போல நேராக விழும் சொற்களுடன் தொடங்கி, மெல்லச் சுரவரிசைக்குள் நுழைந்து, இறுதியில் தியாகராஜரின் கீர்த்தனையில் சாரமதி ராகமாக முழுமை பெறுகிறது. காம்போதியில் வழங்கிவந்த கீர்த்தனையைச் சாரமதியில் அமைத்தது அந்நாளில் சர்ச்சைக்கும் உள்ளாயிற்று. தொடக்கத்தில் தம் பயிற்சியை முற்றிலும் மறைத்துக்கொண்டு, பிறகு அதைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்த வேண்டிய இக்கட்டான பணியை, சிந்துவுக்குக் குரல்கொடுத்த 22 வயதுச் சித்ரா எங்கும் தையல் தெரியாதபடி நிறைவேற்றினார்.

இந்தியில் அவர் பாடியவை தென்மொழிப் பாடல்களை நோக்கக் குறைவே எனினும், ‘லவ்’ (1991), ‘பம்பாய்’ மற்றும் ‘ரங்கீலா’ (1995) ஆகிய படங்கள் அவரை வடக்கில் நிலைநிறுத்தின. திருவனந்தபுரத்தவரான பிரியதர்ஷன், ‘தேவர் மகன்’ படத்தை ‘விராசத்’ (1997) என இந்தியில் எடுத்தபோது, அனு மலிக் இசையில் குமார் சானுவுடன் சித்ரா பாடிய ‘பாயலேன் சுன்முன்’ பாடல் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. மூலப்படத்துக்காக எஸ். ஜானகி முன்பே அதே விருதைப் பெற்றிருந்தார். சலங்கையொலியைப் போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள் அடுக்கி வரும் அப்பாடலில், சித்ரா ஒவ்வோர் அசையையும் தெளிவாக ஒலித்து, கும்மிப் பாட்டுக்குரிய துள்ளலைப் பிற மொழியிலும் காப்பாற்றினார். இந்தித் திரையுலகம் இலா அருணைப்போல ராஜஸ்தானி நாட்டுப்புறக் குரல் உடையவர்களை நேரடியாகவும் அழைத்ததுண்டு. ஆனால் பெரும்பாலும் அது நாடியது பயின்ற குரல்களையே.

அவ்வழக்கம் 2022இல் கேள்விக்குள்ளாயிற்று. ‘ஐயப்பனும் கோஷியும்’ படத்தில் பாடிய அட்டப்பாடியின் இருளர் பழங்குடிப் பாடகி நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையான பயிற்சி இல்லாதவருக்கு இது தகுமா எனச் சிலர் எழுப்பிய வினா, ‘சிந்து பைரவி’ 37 ஆண்டுகளுக்கு முன்பே விடையளித்த வினாதான். தம் வாழ்வின் பாட்டையே பாடியவருக்கு விருது முற்றிலும் தகும். சித்ராவின் ஆறு தேசிய விருதுகளும் அதனால் ஒளி குன்றுவதில்லை. பிறர் வளர்த்த மெட்டைச் சிதைக்காமல் கேட்போரிடம் சேர்ப்பதும் அரிய கலையே. ஆயினும், நாட்டுப்புற மெட்டுகளைக் கையாளும் இசையமைப்பாளர்களும் தயாரிப்பாளர்களும், அம்மெட்டு எந்த ஊரில், எம்மக்களிடம் வழங்கியது என்பதைப் படத்தின் பெயர்ப்பட்டியலில் குறிப்பிட்டு, அம்மக்களுக்குரிய ஊதியத்தையும் வழங்க வேண்டும்.