நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம்

ஜி.எஸ்.டி., உரிமம், தராசு முத்திரை என்று நம் இதழில் எழுதுவதற்கு எப்போதும் விஷயம் இருக்கும். இம்முறை அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் கல்லாப்பெட்டியில் தினமும் புரளும் ரூபாய் நோட்டைப் பற்றியும், அதைக் கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் பார்க்கிற வாடிக்கையாளர்களைப் பற்றியும் எழுத எண்ணுகிறோம். இதற்குக் காரணம் நமது கடையிலேயே நடந்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஆவடி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்து வரும் நம்மிடம், பல ஆண்டுகளாகச் சரக்கு எடுப்பவர் ஒரு பார்வையற்ற தம்பி. பூவிருந்தவல்லி அரசு பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, ஊதுபத்தி ஆகியவற்றை நம்மிடம் பாக்கெட்டாக வாங்கி, யூனிட் ரயிலில் விற்பார். பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே தம்பி என்றே எழுதுகிறோம்.

2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள், சரக்குக்குப் பணம் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, இது ஐந்நூறு" என்று ஒரு நோட்டை நீட்டினார். அது இருநூறு ரூபாய் நோட்டு. சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். வண்டியில் எவரோ ஐந்நூறு என்று சொல்லிக் கொடுத்து, மீதிச் சில்லறையும் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். அத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நாமும் "அடப்பாவி, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே" என்று வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனித்திருப்போம். ஆனால் அவர் மெதுவாகச் சொன்னார்: "போன வாரம் இங்கே கொடுத்த மீதியிலும் இதே மாதிரி ஆனது அண்ணாச்சி. வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்று விட்டுவிட்டேன்."

அந்த வாரத்துச் சிட்டையைப் புரட்டினோம். அவர் 1,500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, குழுக் கடனில் கிடைத்த 2,000 ரூபாய் நோட்டைக் கொடுத்திருந்தார். அன்று இரவு கல்லா எண்ணியபோது கணக்குக்கு மேல் 300 ரூபாய் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று புரியாமல் 'கூடுதல் 300' என்று நம் கையாலேயே எழுதி வைத்திருந்தோம். ஐந்நூறுக்குப் பதில் இருநூறு போயிருக்கிறது. கல்லாவில் பையன் இருந்தானா, நாமே இருந்தோமா என்பது இன்று வரை நினைவுக்கு வரவில்லை. 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் ஒரு வாரம் அவர் அந்தக் குறையைச் சுமந்துகொண்டு திரிந்ததற்கு நம்மிடம் பயந்ததுதான் காரணம் என்பது பணத்தைவிட அதிகமாக உறுத்தியது.

கண்ணுள்ளவர்களுக்கே குழப்பம் என்றால் விரலை நம்பியவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் ஸ்கேலை எடுத்து நோட்டுகளை அளந்து பார்த்தோம். பழைய நோட்டுகளில் நூறு 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 167, ஆயிரம் 177. பத்துப் பத்தாக ஏறும். விரலிடுக்கில் வைத்து மடித்தாலே தெரிந்துவிடும். 2016 நவம்பர் 8-ஆம் தேதி பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதற்குப் பிறகு வந்த புது வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே, 66. அதாவது இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இரண்டு அரிசியைப் படுக்கப் போட்டு அடுக்கினால் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் 300 ரூபாய் போய்விடுகிறது!

நோட்டில் தடவிப் பார்க்க அடையாளம் வைக்காமல் இல்லை. நூறில் மேடான முக்கோணமும் ஓரத்தில் நான்கு சாய்கோடுகளும் உண்டு. ஐந்நூறில் வட்டமும் ஐந்து கோடுகளும். இருநூறில் ஆங்கில எழுத்து 'எச்' போன்ற குறியும், நான்கு கோடுகளுக்கு நடுவே இரண்டு சிறு வட்டங்களும். புது நோட்டில் இவை விரலுக்குத் தட்டுப்படும். மீன் கடைக்கும் பூக்கடைக்கும் போய் வந்த நோட்டில் என்ன மேடு இருக்கும்? ஐம்பது, இருபது, பத்து ஆகிய புது வரிசை நோட்டுகளில் இந்த மேட்டுக் குறியே கிடையாது. இந்தக் குறையை எடுத்துக்கொண்டு பார்வையற்றோர் தேசிய சங்கம் மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

2020 ஜனவரி 1-ஆம் தேதி ரிசர்வ் வங்கி 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் மணி என்று வருகிறது. நம் ஊர்க்காரர் பெயர் போல இருப்பது தற்செயல். கைபேசியின் கேமராவுக்கு முன் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். காது கேளாதவருக்காக அதிர்வாகவும் காட்டும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். தொடக்கத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பேசியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நோட்டின் மதிப்பைத்தான் சொல்லுமே தவிர, நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது.

தம்பி இதை வைத்திருக்கிறார். ஆனால் ஓடும் வண்டியில், ஒரு கையில் மிட்டாய்ப் பை, மறு கையில் கோல், இடுக்கில் கைபேசி என்று நின்றுகொண்டு ஒவ்வொரு நோட்டையும் படம் பிடிக்க முடியுமா? ஆகவே பழைய வழியையும் விடவில்லை. பத்து மடிக்காமல், இருபது பாதியாக மடித்து, ஐம்பது நீளவாக்கில், நூறு தனிச் சட்டைப்பையில். இரவில் வீட்டில் உட்கார்ந்து மணியை வைத்துச் சரிபார்ப்பார். நம் கடையில் மீதி கொடுக்கும்போது இப்போது ஒவ்வொரு நோட்டாகத் தொகையைச் சொல்லிக் கையில் வைக்கிறோம். இதற்கு ஒரு செயலியும் வேண்டியதில்லை.

நாணயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011-இல் வந்த இரண்டு ரூபாய் நாணயம் குறுக்களவு 25 மில்லிமீட்டர். அதற்கு முன் புழங்கிய ஒரு ரூபாய் எவர்சில்வர் நாணயமும் 25 மில்லிமீட்டர்தான். பார்வையற்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2019 மார்ச் மாதம் பார்வையற்றவர்களும் எளிதில் அறியும்படி புதிய நாணய வரிசை அறிவிக்கப்பட்டது. அதில் இருபது ரூபாய் பன்னிரண்டு பக்கம் கொண்டது. பையில் கை விட்டவுடன் தெரியும். பத்து ரூபாயும் இரண்டு உலோகம் சேர்ந்தது, எடையிலேயே தெரியும். ஆனால் நம்மவர்களில் பலர் செய்தது என்ன? பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று யாரோ கிளப்பிய புரளியை நம்பி, வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினோம். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்த பிறகும் சில கடைகளில் இந்த வழக்கம் நின்றபாடில்லை. தம்பிக்கு அடையாளம் தெரியாத பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து, அடையாளம் தெரிந்த நாணயத்தை மறுத்த கடைகளில் நமது கடையும் ஒன்று. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

யு.பி.ஐ. 2016-இல் வந்தது. க்யூ.ஆர். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தம்பியும் விற்கத் தொடங்கினார். நோட்டுத் தொல்லை தீர்ந்தது என்று பார்த்தால், "அனுப்பிட்டேன் பாருங்க" என்று திரையைக் காட்டுகிறவர்கள் வந்தார்கள். அவர் எங்கே பார்ப்பது? பிறகு வந்ததுதான் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் சிறு பெட்டி. நாம் கல்லாவில் இருந்துகொண்டு எடை போடும்போது உதவும் என்று வாங்கி வைத்தோம். அவருக்கு அது கண். தமிழிலேயே தொகையைச் சொல்கிறது. தோள்பையில் போட்டுக் காதருகே வைத்துக்கொள்கிறார். கூட்டத்தில் பெட்டி பேசுவதற்குள் ஆள் இறங்கிவிடுவதும் உண்டு. மாத வாடகை வேறு பிடிக்கிறார்கள். இருந்தாலும் ஏமாற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறார்.

கார்டு மிஷின் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க: பொத்தான் உள்ள மிஷினில் 5-ஆம் எண் மீது சிறு புள்ளி மேடாக இருக்கும். அதை வைத்து மற்ற எண்களைக் கண்டு பார்வையற்றவர் தாமே பின் எண்ணை அழுத்தலாம். கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் தொடுதிரை மிஷினில் அது முடியாது. எண்ணை நம்மிடம் சொல்ல வேண்டியதாகிறது. பழைய மிஷினை மாற்றித் தருகிறோம் என்று வந்தபோது பொத்தான் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டோம். ஏ.டி.எம். விஷயத்தில் 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் எந்திரமெல்லாம் பேசுவதாகவும் பிரெய்ல் பொத்தான் உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. காதுக்கருவியைச் செருகிக் கேட்கும் துளை அதில் உண்டு.

வங்கிக் கணக்குக்கான அடையாளச் சோதனையில் தம்பிக்கு நேர்ந்தது வேடிக்கையும் வேதனையும். கைபேசியில் முகத்தைக் காட்டச் சொல்லி, உயிருள்ள ஆள்தான் என்று காட்ட "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்றதாம்! வட்டத்துக்குள் முகம் வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று முறை தோற்று, நேரில் போய் முடித்தார். இவர் ஒருவருக்கு வந்த தொல்லை அல்ல அது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அமில வீச்சில் முகம் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவையை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, இந்தச் சோதனை முறைகளை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்ற 20 கட்டளைகளை இட்டது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை பழைய ஆறு புள்ளிதான் என்பார் தம்பி. பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் 1824-இல், தமது பதினைந்தாம் வயதில் உண்டாக்கிய முறை அது. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழும் அதிலேதான் எழுதப்படுகிறது. சட்டத்தில் கெட்டித் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக மேடு வரும். நம் பக்கத்துப் பூவிருந்தவல்லியிலேயே பிரெய்ல் அச்சகம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பார்வையற்றோர் நிறுவனத்தின் வட்டார மையமும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கைபேசியில் 'டாக்பேக்' என்ற வசதி உள்ளது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது சேர்ந்தே வருகிறது. தனி விலை இல்லை. விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துச் சொல்லும். கணிப்பொறிக்கு இதே வேலையைச் செய்யும் 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருளை 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கினார். இன்றும் இலவசம்தான்.

இதில் நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று. தம்பி ஆர்டரை வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்புவார். நாம் நம் வழக்கப்படி சிட்டையில் எழுதி, அதைப் போட்டோ பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தோம். "படம்" என்று மட்டும் அது சொல்கிறதாம். நம் கையெழுத்தை அது எங்கே படிக்கப் போகிறது! (நம் கணக்குப்பிள்ளையே பல நாள் படிக்கத் திணறியது உண்டு.) தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னார். பேத்தியிடம் கற்று, ஒற்றை விரலால் தட்டி அனுப்பினோம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணாச்சி, எள்ளுருண்டைக்குப் போன மாதம் விலை குறைத்தீர்கள், பில்லில் பழைய விலையே இருக்கிறது." உண்மைதான். இத்தனை ஆண்டு நாம் சொன்ன தொகையைக் கேட்டு அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தவர் முதன்முறையாக நம் பில்லைத் தணிக்கை செய்திருக்கிறார். அந்த மாதம் 84 ரூபாய் கழித்துக்கொடுத்தோம்.

கோலின் கதையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அது நம் கடை வாசல் சம்பந்தப்பட்டது. சாதாரண வெள்ளைக் கோல் தரையில் கிடப்பதைத்தான் காட்டும். இடுப்புக்கும் தலைக்கும் இடையே நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டாது. டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் தயாரித்து 2014-இல் வெளிவந்த 'ஸ்மார்ட்கேன்', கோலின் கைப்பிடியில் மாட்டும் கருவி. வௌவாலைப் போல, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அது திரும்புவதை வைத்து, மூன்று மீட்டர் வரை முழங்காலுக்கு மேல் என்ன இருக்கிறது என்று கைப்பிடி அதிர்வால் சொல்லும். தம்பியிடம் இது இருக்கிறது. "ரயில்வே ஸ்டேஷனில் நன்றாக இருக்கிறது அண்ணாச்சி, மார்க்கெட்டுக்குள் வந்தால் நிறுத்தாமல் அதிர்கிறது, அணைத்துவிடுகிறேன்" என்றார். வெளியே வந்து பார்த்தோம். பாதி இறக்கிய ஷட்டர், நெற்றி உயரத்தில் தார்ப்பாய்க் கயிறு, தொங்கவிட்ட பாக்கெட் சரங்கள், டெம்போவின் திறந்த பின்கதவு. கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நமது கடையின் தார்ப்பாய்க் கயிற்றை ஏழடிக்கு மேல் ஏற்றிக் கட்டிவிட்டோம். நடைபாதையில் போட்டிருந்த வெங்காய மூட்டைகளையும் உள்ளே இழுத்துவிட்டோம். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் செய்தார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள்.

ரயிலில் அனுமதியின்றி விற்பது ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவுப்படி குற்றம் என்பதால், தம்பிக்கு அபராத பயம் எப்போதும் உண்டு. பட்டாபிராம் பக்கம் சிறு மளிகைக் கடை போடலாம் என்று எண்ணுகிறார். பாக்கெட் சரக்குக்குக் கவலை இல்லை. பார்கோடைப் படித்துச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. சில்லறை எடைதான் சிக்கல். தட்டுத் தராசாக இருந்தால் முள்ளைத் தொட்டுப் பார்ப்பார். நம் எலக்ட்ரானிக் தராசில் சிவப்பு எண் மட்டும் மின்னுகிறது. வெளிநாடுகளில் எடையைக் குரலில் சொல்லும் சமையலறைத் தராசு விற்கிறது. அதைப் போல, முத்திரை பெறத்தக்க வியாபாரத் தராசு நம் ஊரில் எங்காவது கிடைக்குமா என்று விசாரித்து வருகிறோம். விவரம் தெரிந்த நண்பர்கள் சங்க அலுவலகத்தில் தெரிவித்தால் நாமே வந்து பார்த்துக்கொள்கிறோம். கடைக்கு முதல் சரக்கைக் கடனுக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறோம். பில்லைத் தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.